மூன்றாம் எண் வீட்டுத் தபால் பெட்டி

பெட்டியில் பெயர் இல்லாவிட்டால்
கடிதம் திரும்பிப் போய்விடும்.
போர்ச்சுகலில் நான் கற்ற முதல் சட்டம் இது.
இரண்டாவது:
ராஸ்பெர்ரியை இரண்டு விரலால் பிடி, இழுக்காதே.
பழுத்திருந்தால் தானே கையோடு வரும்.

சாவோ தியோதோனியோவில் மூன்றாம் எண் வீடு.
மூன்று அறை, பதினான்கு ஆண்கள்,
ஒரு பிரஷர் குக்கர்.
கடலுக்கு ஏழு கிலோமீட்டர். நான்கு முறை பார்த்திருக்கிறேன்.
நாங்கள் வேலை செய்வது இன்னொரு கடலில்:
குன்றிலிருந்து குன்றுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக்,
உள்ளே நுழைந்தால் கண்ணாடியில் ஆவி படியும்,
வெளியே வந்தால்
சட்டைக்குள் வேறு நாட்டு வெயில்.

பெட்டியோ ஒரு செங்கல் அளவு.
கீம்லால்தான் முதலில் டேப் ஒட்டிப் பெயர் எழுதினான்.
அதன்மேல் தில்லிராம், ஓரத்தில் தேக் பகதூர்.
இடம் தீர்ந்துபோய்
என் பெயர் பூட்டுத் துவாரத்தைச் சுற்றி வளைந்தது,
சர்க்கரையைச் சுற்றும் எறும்பு வரிசையாக.

தபால்காரி தியோலிந்தா மொபெட்டை நிறுத்தி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திட்டுவாள்.
"இது பெட்டியா, கல்லறைக் கல்லா?"
எங்களுக்குப் பாதி புரியும்.
மீதிப் பாதிக்குச் சிரிப்போம்.

அனுமதி அட்டைக்குப் படம் எடுக்க
பதினான்கு பேருக்கும் ஒரே சட்டை.
நீலம். காலர் வைத்தது. என்னுடையது.
ஒடேமிரா சந்தையில் ஒன்பது யூரோ.
யார் முறை வருகிறதோ அவன் விடிவதற்குள் இஸ்திரி போடுவான்.
படத்தில் கைகள் விழாது.
நகக்கண்ணில் ஏறிய சிவப்பைப் பற்றிக் கவலையில்லை.

லோகேந்திரா இருபத்தாறு மாதம் காத்திருந்தான்.
ஒரு வேனில் இடம் கிடைத்ததும்
லக்ஸம்பர்க் போய்விட்டான், பெயிண்ட் வேலைக்கு.
அவன் போன பத்தொன்பதாம் நாள்
அட்டை வந்தது.

பதிவுத் தபால். கையெழுத்து வேண்டும்.
"லோகேந்திரா யார்?"
"நான்."
தியோலிந்தா என்னைப் பார்த்தாள்.
இரண்டு வருடமாகப் பார்க்கிறாள்.
என்னை நாய் கடித்தபோது ஊசிக்கு ஏற்றிப் போனதே
இந்த மொபெட்டில்தான்.
"லோகேந்திரா கொஞ்சம் நொண்டுவான்" என்றாள்.
இரண்டு அடி நொண்டிக் காட்டினேன்.
"அது இடது கால்."

மூன்று நாளாக மழை.
டேப் ஊறி, எங்கள் பெயர்கள் மொத்தமும்
பாலாடையாக எழும்பி நின்றன.
அவள் விரலால் நெம்பினாள்.
எங்களுக்குக் கீழே இரண்டு உக்ரைன் பெயர்கள்,
எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து.
அதற்கும் கீழே, தகரத்திலேயே,
வெள்ளைப் பெயிண்டில்: கெரெய்ரோ குடும்பம்.

"என் மாமா" என்றாள்.
எழுபத்தொன்றில் போனார்களாம்.
எல்லை மலையில் இரவெல்லாம் நடந்து,
காகிதம் ஒன்றுமில்லாமல்,
சின்னவளுக்கு இருமல் வராமலிருக்க வாயில் ரொட்டியைத் திணித்து.
"எங்கே?"
"முதலில் பிரான்ஸ். அப்புறம் தெரியாது.
எழுதுவதை நிறுத்திவிட்டார்."
விரலை எடுத்தாள்.
டேப்பைப் பழையபடி அழுத்தி ஒட்டினாள். ஒட்டவில்லை.
பேனாவை நீட்டினாள்.
"சீக்கிரம். நனைகிறது."

லோகேந்திராவின் கையெழுத்து எனக்குத் தெரியாது.
என்னுடையதையே
கொஞ்சம் நொண்ட விட்டேன்.

ராத்திரி போனில் கேட்டான்:
"படத்தில் எப்படி இருக்கிறேன்?"
"திருடன் மாதிரி. சட்டை நன்றாக இருக்கிறது."
சட்டை என்றதும் ஞாபகம் வந்தது.
வியாழக்கிழமை என் முறை. எங்கே அது?
அந்தப் பக்கம் பேச்சில்லை.
போட்டுக்கொண்டே வேனில் ஏறிவிட்டானாம்.
இப்போது அதில் பெயிண்ட் வேறு,
ஆனால் முதுகில் மட்டும், படத்தில் தெரியாது.

"நீ அதை அனுப்பு, நான் அட்டையை அனுப்புகிறேன்.
முகவரி சொல்."

"பொறு" என்றான்.
"இங்கே பெட்டியில் இன்னும் பெயர் போடவில்லை.
டேப் வாங்கணும்."